காம்பவுண்டக்காவின் கணப்பு

அந்த ஆபீசில் வீடுகளை வரைவது கோடு சார். வீட்டுக்கு வெளியே இருப்பதையெல்லாம் வரைவது காம்பவுண்டக்கா.

வெளியே என்றால் காம்பவுண்டுச் சுவர், இரும்புக் கேட், கார் ஷெட், தபால் பெட்டி, நாய் வீடு, குப்பைத் தொட்டி கண்ணில் படாமல் மறைக்க ஒரு மரத் தட்டி. கட்டடக் கலை படித்துப் பட்டம் வாங்கியவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாருக்கும் நேரமில்லை என்று ஒரு காம்பவுண்டுச் சுவரை அவள் தலையில் கட்டினார்கள். அவள் அதை அழகாக வரைந்து தொலைத்துவிட்டாள். அங்கேதான் சறுக்கியது. அன்றிலிருந்து எந்தச் சுவர் வந்தாலும் அக்காவின் மேசைக்குப் போகும். சுவருக்கு உள்ளே ஒரு எட்டு வைக்க விடமாட்டார்கள். அவள் வரைந்த நாய் வீட்டைப் பார்த்துவிட்டு, நாயே வளர்க்காத ஒருவர் தனக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று தேடி வந்ததுண்டு. ஆனால் வீட்டுக்குள் ஒரு அறையை, பழைய பாத்திரம் போடும் அறையாக இருந்தாலும் சரி, வரைந்து கொடு என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை.

கோடு சார் கெட்டவர் இல்லை. அவருக்குப் படுத்திருக்கும் கோட்டின் மேல் காதல், அவ்வளவுதான். அவர் கட்டும் வீடு ரோட்டிலிருந்து பார்த்தால் நீளமாக, தட்டையாக, பாதி கண்ணாடியாக, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த மாதிரி கிடக்கும். உள்ளே கதவுகளுக்குக் கைப்பிடி கிடையாது. ஸ்விட்ச் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனவர் கை கழுவ எழுந்து, சுவர் எது கதவு எது என்று புரியாமல் தட்டித் தட்டிப் பார்த்து, கடைசியில் துணி அலமாரிக்குள் நுழைந்து ‘உள்ள ஆள் இருக்கா?’ என்று கேட்டாராம். இந்தக் கதையைக் கோடு சாரிடம் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். குளிர்ந்துபோவார். “பாத்தீங்களா, கதவு இருக்குறதே தெரியல!” என்பார்.

அப்படிப்பட்டவரிடம்தான் பல் டாக்டரம்மா வீடு கட்டச் சொல்லி வந்தார். ஊரின் மேட்டுப் பகுதியில் இடம். வெயில் இறங்கினால் காற்று எலும்பைத் தேடி வரும். டாக்டரம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை: தோட்டத்தில், திறந்த வெளியில், உட்கார்ந்து குளிர்காய ஒரு கணப்பு வேண்டும்.

“பகல் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ளயே பாத்துட்டு இருக்கேன் சார். சாயங்காலம் வேற எதையாவது பாக்கணும்ல? ஒரு நெருப்பு, சுத்தி நாலு பேரு, அரட்டை. அது போதும் எனக்கு.”

கோடு சார் அன்றே வரைந்துவிட்டார். கண்ணாடிச் சுவரை ஒட்டி, கறுப்புக் கல்லில், தாழ்வாக, நீளமாக ஒரு கணப்பு. அதன் புகைபோக்கி வீட்டுக் கூரையைத் தொடுவதற்கு முன்பே மரியாதையாக நின்றுவிட்டது. கம்ப்யூட்டரில் படமும் தயாரானது. அந்த ஆபீசுக்கென்று ஒரே ஒரு தீ உண்டு. யார் வீட்டுப் படமானாலும் அதே தீயை எடுத்து ஒட்டுவார்கள். லேசாக இடது பக்கம் சாய்ந்து, ஒரு பொட்டுப் புகை விடாமல், விருந்தாளி வந்த வீட்டுப் பிள்ளை மாதிரி சமர்த்தாக எரியும். டாக்டரம்மா அந்தப் படத்தைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டார்.

கணப்பு வெளியே இருக்கிறது அல்லவா? ஆகவே அளவு போட்டு வேலைக்கு வரைய, படம் அக்காவின் மேசைக்கு வந்தது. அவள் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். எழுந்து நேராகக் கோடு சார் முன்னால் போய் நின்றாள்.

“சார், இது புகையும்.”

“எது?”

“ஃபயர்பிளேஸ் சார். சிம்னி குட்டை. ஒட்டுனாப்ல வீடு நிக்குது. மேல வர்ற காத்து கூரையில மோதி சிம்னிக்குள்ளயே எறங்கும். புகை நேரா டாக்டரம்மா மூஞ்சிக்குத்தான் போகும்.”

“படத்துல போகலையே?”

“படத்துல எப்படி சார் போகும்!”

கோடு சார் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் பென்சிலைக் கீழே வைத்தால் பிரசங்கம் வருகிறது என்று அர்த்தம். “சிம்னிய ஒசத்துனா என்ன ஆகும் தெரியுமா? ஒருத்தன் நல்லா நீட்டிப் படுத்துத் தூங்கிட்டிருக்கான். திடீர்னு ஒத்தை வெரலத் தூக்கிக் காட்டுறான். எப்படி இருக்கும்? கூரைக்கு மேல ஒரு இஞ்ச் வரக்கூடாது. புகையை என்ன பண்றதுன்னு நீ பாத்துக்க. வெளிய இருக்குறது எல்லாம் உன் பாடுதானே?”

அக்காவுக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று அவளுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

“புகையாம கட்டிட்டா?”

“கட்டிட்டா என்ன?”

“அடுத்து வர்ற வீடு எனக்கு. முழு வீடு சார். படுக்கை ரூம், சமையல் ரூம், படிக்கட்டு, பாத்ரூம் எல்லாம்.”

ஆபீசில் விசைப்பலகைச் சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. எல்லாரும் திரையைப் பார்த்தபடியே காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினார்கள். கோடு சாருக்கும் அது தெரிந்தது. பெரிய மனிதர், பின்வாங்க முடியுமா?

“சரி. ஆனா கூரையத் தாண்டக் கூடாது. தீ மூட்டுற அன்னைக்கு நானே வந்து பக்கத்துல நிப்பேன். ஒரு இணுக்குப் புகை கண்ணுல பட்டாலும் வீடு கிடையாது. அப்புறம் முகத்தத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.”

அக்கா அன்று வீட்டுக்கு நடக்கவில்லை, ஏறக்குறைய பறந்தாள். பாதி வழியில்தான் உறைத்தது, புகையாமல் எப்படிக் கட்டுவது என்று அவளுக்கு இன்னும் தெரியாது என்பது.

அடுத்த சில நாட்கள் அவள் வீட்டில் மனிதர்கள் மூச்சுவிட்டது பால்கனியில்தான். அட்டைப் பெட்டியை வெட்டி டாக்டரம்மா வீட்டை ஒரு பொம்மை வீடாகச் செய்தாள். பக்கத்தில் அட்டையிலேயே கணப்பு. கணப்புக்குள் கொசுவத்தி. காற்றுக்கு மேசை விசிறி. விசிறியைப் போட்டதும் புகை அட்டைச் சிம்னி வழியாக மேலே போவதற்குப் பதிலாகக் கணப்பின் வாய் வழியே கொட்டி, பொம்மை வீட்டை மூழ்கடித்து, ஹாலைக் கடந்து, மாடிப்படி வழியாக மேல் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியது. மேல் வீட்டுக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். நிலைமையைப் பார்த்துவிட்டு, வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று, கொஞ்ச நேரம் வாளியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

அக்காவின் கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். வீட்டிலும் கழுத்தில் விசில் தொங்கும். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட விசிறியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

“ஏம்மா, வீட்டுல ஒரு கொசு இல்ல. போன வாரமே எல்லாம் எடம் மாறிப் போயிடுச்சு. இன்னும் எத்தனை சுருள்?”

“இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க. வீட்ட விட்டுத் தள்ளி வெச்சா கொஞ்சம் பரவால்ல பாருங்க. ஆனா சிம்னி உயரம் பத்தல. உயரம் இருந்தாத்தான் இழுக்கும். அந்த மனுஷன் உயரத்த விடமாட்டேங்குறாரு.”

“நானும் உயரத்தோடதான் சண்டை போட்டுட்டு வர்றேன்” என்றார் வாத்தியார். “நீளம் தாண்டறதுக்கு மணல் குழி இருக்குல்ல, அதக் கொஞ்சம் கெளறி விடுங்கடான்னு சொன்னேன். கெணறு மாதிரி தோண்டி வெச்சிருக்கானுங்க. கூடைப்பந்து டீம்ல பனைமரம் மாதிரி ஒருத்தன் இருப்பானே, அவன் உள்ள எறங்கி நிக்கிறான், எனக்குத் தல மட்டுந்தான் தெரியுது. எலே குட்டையா, யார்ரா நீன்னு கேட்டுட்டேன்.”

அக்கா கொசுவத்தியைக் கீழே போட்டாள்.

“என்னங்க சொன்னீங்க?”

“குட்டையான்னு…”

“அதுக்கு முன்னாடி!”

“குழி…”

அவ்வளவுதான். அவள் கூச்சல் போட்டுக்கொண்டு எழுந்த வேகத்தில் பொம்மை வீடு கவிழ்ந்தது. மேலே ஏறத்தானே கூடாது? கீழே இறங்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! வீட்டை விட்டுத் தள்ளி, தோட்டத்தின் மறுகோடியில், காம்பவுண்டுச் சுவரோடு சேர்த்துக் கணப்பை வைப்பது. அதற்கு முன்னால் தரையைத் தோண்டி, படி இறங்கிப் போய் உட்காரும் ஒரு பள்ளம். கணப்பின் அடி பள்ளத்தில். புகைபோக்கியின் உச்சி கூரை மட்டத்தில். உள்ளே பனைமரம், வெளியே குட்டையன். கோடும் உடையாது. புகைக்கு வேண்டிய உயரமும் கிடைக்கும். பள்ளத்தில் உட்காருகிறவர்களுக்குக் காற்றும் அடிக்காது.

கணவரின் விசிலைப் பிடுங்கி அவளே ஊதினாள். மேல் வீட்டுக்காரர் மறுபடி வாளியோடு வந்தார்.

புது வரைபடத்தைக் கோடு சார் வெகுநேரம் பார்த்தார். கூரையைத் தாண்டுகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார். தாண்டவில்லை. கண்ணாடிச் சுவரை ஒட்டிக் கணப்பு இல்லாததால் வீடு இன்னும் நீளமாகத் தெரிந்தது. அது அவருக்கு உள்ளூரப் பிடித்தும்விட்டது. “ம்” என்றார். அவர் வாயிலிருந்து வந்த ‘ம்’ மற்றவர்கள் கைதட்டுவதற்குச் சமம்.

வேலை தொடங்கியது. மேஸ்திரி பள்ளத்தின் விளிம்பில் இடுப்பில் கை வைத்து நின்றார். “எல்லாரும் மேல மேல கட்டச் சொல்லுவாங்க. நீங்க ஒருத்தருதான் மேடம் கீழ கீழ கட்டச் சொல்றீங்க. மழை வந்தா என்ன, மீன் விடப் போறீங்களா?”

“தண்ணி போக அடியில குழாய் இருக்கு மேஸ்திரி. சரிவு அந்தப் பக்கம். படத்தப் பாருங்க.”

“படத்தப் பாத்து என்ன, என்னைப் பாத்தாலே பாவமா இல்லையா உங்களுக்கு?” என்றபடி அவர் இறங்கினார். முணுமுணுப்பு வாய்க்கு மட்டும்தான். கை நூல் பிடித்த மாதிரி வேலை செய்தது. உட்புறம் தீச்செங்கல், வெளியே கறுப்புக் கல், எதிரே வளைவாகக் கல் இருக்கை.

டாக்டரம்மா ஒருநாள் கிளினிக்கிலிருந்து நேராக வந்து எட்டிப் பார்த்தார். தீ எரியும் இடத்துக்கு மேலே ஏன் இப்படிக் குறுகுகிறது என்று கேட்டார். அக்கா விளக்க ஆரம்பித்தாள்: “இதுதான் தீயோட வாய் டாக்டர். மேல இந்தக் குறுகல் தொண்டை. பின்னாடி ஒரு சின்னத் திட்டு இருக்கு பாருங்க, மேலருந்து எறங்குற குளிர்க்காத்து அதுல மோதித் திரும்பிடும். அதுக்கும் மேல…”

“மூக்கு!” என்று டாக்டரம்மா குதித்தார். “வாய்க்கு ஏத்த மூக்கு. வாய் பெருசா மூக்கு சின்னதா இருந்தா மூச்சு முட்டும். இதத்தானே நானும் தெனம் பாக்குறேன்! இதப்போயி அன்னைக்குச் சார்கிட்டக் கேட்டேன், அவரு கல்லோட கலரப் பத்தியே பேசினாரு.” உடனே தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பழக்கதோஷத்தில் “ஆ காட்டு” என்று சொல்லாததுதான் பாக்கி.

புதுக் கட்டுமானத்தில் ஈரம் இருக்கும். எடுத்த எடுப்பில் பெருந்தீ மூட்டினால் ஈரம் ஆவியாகிச் செங்கல் வெடித்துவிடும். ஆகவே முதலில் கைப்பிடிச் சுள்ளி, மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று சின்னச் சின்னத் தீயாக மூட்டிக் காயவைக்க வேண்டும். அந்த முதல் சுள்ளியை அக்கா பற்றவைத்தபோது அவசரத்தில் இரண்டு தீக்குச்சி வீணானது. மூன்றாவது பிடித்தது. புகை கொஞ்சம் தயங்கியது, வாசலில் நின்று செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல. பிறகு சட்டென்று தொண்டைக்குள் நுழைந்து காணாமல் போனது. மேலே எட்டிப் பார்த்தால் வானத்தில் ஒரு மெல்லிய கோடு.

“போகுது மேஸ்திரி! போகுது!”

“போகுதுதான். நீங்க குதிச்சு என் கால மிதிச்ச வலிதான் போகல” என்றார் மேஸ்திரி. அவர் முகத்திலும் சிரிப்பு.

அதற்கப்புறம் அக்கா சும்மா நடந்தாலும் இசை கேட்கும் நடையாக இருந்தது. பஸ்ஸில் போகும்போது தெரியாத வீடுகளின் ஜன்னலை எல்லாம் மனசுக்குள் இடம் மாற்றி வைத்தாள். கணவரிடம், “நம்ம சமையல் ரூமை நான் வரைஞ்சிருந்தா அந்த ஜன்னல இந்தப் பக்கம் வெச்சிருப்பேன் தெரியுமா?” என்று தினமும் சொன்னாள். தினமும் வேறு பக்கம் சொன்னாள்.

தீ மூட்டும் நாள் வந்தது. புது வீட்டைப் பார்க்கவென்று டாக்டரம்மா உறவு, நட்பு, தன்னிடம் பல் கட்டிக்கொண்டவர்கள் என எல்லாரையும் கூப்பிட்டிருந்தார். பல்லெல்லாம் பளபளவென்று ஒரே சிரிப்புக் கூட்டம். முன்தினம் படம் எடுக்கிறவர் வந்து, வீட்டை உள்ளும் புறமும், பறக்கும் கேமராவை விட்டு வானத்திலிருந்தும் எடுத்துப் போயிருந்தார். அக்காவுக்கு அன்று வேறொரு இடத்தில் கேட் வேலை, அவள் வரவில்லை. கோடு சார்தான் கூட நின்று பார்த்துக்கொண்டார்.

வெயில் சாய்ந்தது. காற்று கிளம்பியது. பள்ளத்தைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். கோடு சார் கறுப்புச் சட்டையில், சொன்ன சொல் தவறாமல், கணப்புக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். அக்காவின் கணவர் விசிலைச் சட்டைக்குள் மறைத்திருந்தார்.

டாக்டரம்மா தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். இந்தத் தடவை சுள்ளி இல்லை. நல்ல கட்டைகள், அடுக்கி வைத்த பெருந்தீ. சடசடவென்று பிடித்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

புகை எழுந்தது. தொண்டைக்குள் போனது. போன வேகத்திலேயே திரும்பி வந்தது.

முதலில் ஒரு சுருள். அக்கா கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். அடுத்த நிமிஷம் மொத்தப் புகையும் கணப்பின் வாயிலிருந்து குடம் குடமாகக் கொட்டியது. பள்ளம்தானே, வெளியே போகவும் வழியில்லை. அங்கேயே தங்கி நிரம்பியது. சிரிப்புக் கூட்டம் இருமல் கூட்டமானது. யாரோ நாற்காலி என்று நினைத்து யார் மடியிலோ உட்கார்ந்தார்கள். டாக்டரம்மாவின் அண்ணன், பெரிய உடம்புக்காரர், படியில் தவழ்ந்தபடி, “பாப்பா, தீய வெளிய வெச்சிட்டு எங்கள அடுப்புக்குள்ள வெச்சிட்டியா?” என்று கத்தினார். ஐம்பது வயது டாக்டரம்மா அவருக்கு இன்னும் பாப்பாதான்.

அக்கா மனசுக்குள் எண்ணினாள். போயிற்று. படுக்கை அறை போயிற்று, படிக்கட்டு போயிற்று, அத்தனை ஜன்னலும் போயிற்று. புகைக்குள்ளிருந்து கோடு சாரின் குரல், கொஞ்சம் இரக்கமும் கொஞ்சம் சந்தோஷமுமாக, வந்தது: “நான் அப்பவே சொன்னேன்ல, ஒரு இணுக்கு வந்தாலும்…” மீதியை இருமல் விழுங்கியது.

“இல்ல சார்! முந்தாநேத்து வரைக்கும் போச்சு! மேஸ்திரியக் கேளுங்க!”

“சத்தியமாப் போச்சு சார்” என்றது புகைக்குள் மேஸ்திரியின் குரல். ஆள் தெரியவில்லை.

அப்போது டாக்டரம்மா, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, குனிந்து கணப்பைக் கூர்ந்து பார்த்தார். நோயாளியைப் பார்க்கிற அதே பார்வை. “இது வாயால மூச்சு விடுது. அப்படின்னா மூக்கு அடைச்சிருக்கு.”

அடைத்திருக்கிறது!

அக்கா யோசிக்கவில்லை. புதுப் புடவையைத் தூக்கிச் செருகினாள். செருப்பை உதறினாள். கணப்பு ஒட்டியிருந்த காம்பவுண்டுச் சுவர் அவள் வரைந்ததுதான். எந்தக் கல் எவ்வளவு துருத்தி நிற்கும், எங்கே கால் வைக்கலாம், மேலே விளிம்பு எவ்வளவு அகலம், எல்லாம் அவள் உள்ளங்காலுக்குத் தெரியும். கல் கல்லாக மிதித்து ஏறினாள். கீழே கணவர் விசில் ஊதினார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. “பாத்தும்மா! எடது கால்! எடது கால்!” என்று கத்தினார்.

சுவரின் விளிம்பில் எழுந்து நின்று புகைபோக்கியின் உச்சியைப் பார்த்தாள். அங்கே ஓட்டையே இல்லை. கல்லின் அதே நிறத்தில் பெயிண்ட் அடித்த ஒரு இரும்புத் தகடு, அளவெடுத்து வெட்டியது, கச்சிதமாக வாயை மூடி உட்கார்ந்திருந்தது. காற்றில் பறக்காமல் இருக்க மேலே நான்கு செங்கல் வேறு.

“மேஸ்திரி, குச்சியக் குடுங்க! நீளமா!”

தோட்டத்துத் துறட்டியை மேஸ்திரி நீட்டினார். அக்கா செங்கற்களைச் சுவருக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத பக்கமாகத் தள்ளினாள். தகட்டின் விளிம்பில் துறட்டியைக் கோர்த்து இழுத்தாள். அசையவில்லை. பல்லைக் கடித்து இன்னொரு இழுப்பு. தகடு ‘டங்’ என்று சுவருக்கு வெளியே விழுந்தது.

அதன் பிறகு நடந்ததை அங்கே இருந்தவர்கள் இன்றும் கையை ஆட்டி ஆட்டித்தான் சொல்கிறார்கள். கணப்பு ஒரு பெருமூச்சு விட்டது. ‘ஹூம்’ என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம். வெளியே கொட்டிக்கொண்டிருந்த புகை நின்று, திரும்பி, சுருளோடு சுருள் இடித்துக்கொண்டு உள்ளே ஓடியது. படுத்திருந்த தீ எழுந்து நேராக நின்றது. பள்ளம் தெளிந்தது. ஒவ்வொருவராகத் தெரிய ஆரம்பித்தார்கள். அண்ணன் இன்னும் படியில் நாலு காலில் இருந்தார். கைதட்டல் வெடித்தது. சுவரின் மேல் நின்ற அக்கா, தலைமுடி பறக்க, துறட்டியோடு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

மேஸ்திரி தகட்டை எடுத்து வந்து நடுவில் போட்டார். ஒரு பக்கம் அழகான கறுப்புப் பெயிண்ட், மறுபக்கம் கரி.

“இத யாரு போட்டது?” என்றார் டாக்டரம்மா.

அக்கா சுவரில் உட்கார்ந்தபடி கோடு சாரைப் பார்த்தாள். அவ்வளவு கச்சிதமாக அளவெடுத்துத் தகடு வெட்டக்கூடியவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான்.

கோடு சார் தொண்டையைச் செருமினார். “நான்தான். நேத்து மேலருந்து படம் எடுத்தாங்க. வானத்துலருந்து பாத்தா ஒரு ஓட்டை, கறுப்பா, அசிங்கமா தெரிஞ்சுது. அதான் ஒரு தகடு வெட்டி மூடி வெச்சேன். எடுக்க… மறந்துட்டேன்.”

“வாயத் தெறந்தா தொண்டை தெரியத்தான் சார் செய்யும்” என்றார் டாக்டரம்மா.

கோடு சார் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். அக்காவைப் பார்த்துத் தணிந்த குரலில், “இருந்தாலும்… புகை வந்துச்சுல்ல? ஒரு இணுக்கு வந்தாலும் கிடையாதுன்னு…”

வாத்தியாரின் விசில் காதைக் கிழித்தது. “சார், அது ஃபவுல்! கோல் போஸ்ட்டப் பலகை வெச்சு மூடிட்டு, பந்து உள்ள போகலன்னு சொன்னா எந்த ஊரு ஆட்டம் இது?”

எல்லாரும் சிரித்தார்கள். கோடு சாரும், வேறு வழியில்லாமல், பிறகு நிஜமாகவே, சிரித்தார். “எறங்கி வாம்மா” என்றார். “வீடு உனக்குத்தான்.”

“எந்த வீடு சார்?” சுவரிலிருந்தபடியே கேட்டாள் அக்கா. வாக்குறுதியைக் காற்றில் விட அவள் தயாராக இல்லை.

அதற்குப் பதில் சொன்னது அண்ணன். நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து, சிவந்த கண்ணோடு, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி, சொர்க்கத்துக்குப் போய்விட்டவர் மாதிரி இருந்தார். “என் வீடு. எடம் வாங்கிச் சும்மாத்தான் கெடக்கு. எனக்கு இதே அடுப்பு வேணும். மொதல்ல அடுப்பு, அப்புறம் அதச் சுத்தி வீடு. ஆனா ஒண்ணு, அந்தச் சுவத்து மேல உக்காந்திருக்காங்களே, அவங்கதான் வரையணும். மூடி போடுறவங்க வேணாம்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அண்ணனின் காலி மனையில் கூட்டம் கூடிவிட்டது. புல்லும் கல்லுமாகக் கிடந்த இடம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க, வாத்தியார் ஒரு குச்சியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடினார். அக்கா கணப்புக்கு இடத்தைச் சட்டென்று பிடித்துவிட்டாள். கல்லை வைத்து அடையாளம் போட்டாள். அது அவளுக்குக் கைவந்த வேலை.

“சரி, படுக்கை ரூம் எங்க?” என்றார் அண்ணன்.

இத்தனை வருஷமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று அக்கா காத்திருந்த கேள்வி இதுதான். காலி மனையை ஒரு சுற்றுப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்: “காலைல கண்ணு முழிச்சா மொதல்ல எதப் பாக்கணும்னு நெனைப்பீங்கண்ணே?”

அண்ணன் திகைத்தார். அதை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்து, ஆரம்பித்தார், ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. முகத்தில் வெயில் அடித்தால் பிடிக்காது, ஆனால் வெயில் வந்துவிட்டதா என்று தெரிய வேண்டும். மரம் தெரிய வேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் தெரியக்கூடாது. படுத்தபடியே மழை பார்க்க வேண்டும். அவர் பேசப் பேச அக்கா ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே போனாள். ஒரு சுவர், திருப்பம், இன்னொரு சுவர். ஒரு இடத்தில் நின்று, குனிந்து, படுத்தால் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று மண்ணிலேயே உட்கார்ந்து பார்த்து, ஜன்னலுக்கு இடம் குறித்தாள். நான்காவது கோடு முதல் கோட்டைத் தொட்டது. நிமிர்ந்தபோது அவள் ஒரு அறைக்கு உள்ளே நின்றிருந்தாள்.

“என்னங்க! இங்க வாங்க! சீக்கிரம் வாங்க!”

வாத்தியார் கைக்குட்டைக் குச்சியோடு ஓடி வந்தார். வந்த வேகத்தில் மண் கோட்டைத் தாண்டி நேராக அவளிடம் கால் வைக்கப் போனார்.

“ஐயோ, சுவத்துக்குள்ள நடக்குறீங்களே!” என்று அக்கா அலறினாள். “கதவு அந்தப் பக்கம். சுத்திட்டு வாங்க!”

வாத்தியார் மறுபேச்சுப் பேசாமல் சுற்றிக்கொண்டு போனார். வாசலில் நின்று, காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, “உள்ள வரலாமா?” என்று கேட்டார்.